பதினோரு பேருக்கு ஒரே அடுப்பு



போன பாடத்தில் பெருக்கல் கணக்குப் போட்டுப் பழகினோம். இந்தப் பாடத்தில் அதே பெருக்கலை நம் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் கொண்டு போவோம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். இது எங்கள் வீட்டுக் கதைதான்.

நான் இருப்பது கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலம், கோலார் மாவட்டம். நூறு வருடத்துக்கு மேல் இங்கே பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். அந்த வேலைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். என் தாத்தாவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. எங்கள் லைனில் பல பேர் விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் வீட்டு அடுப்புக்கும் இந்த ரயிலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பதினோரு பேர். ஆயா, அப்பா, அம்மா. பெரிய அண்ணன், பெரிய அண்ணி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர். சின்ன அண்ணன், சின்ன அண்ணி. கடைசியாக நான். லைன் வீடு எவ்வளவு பெரியது என்று லைனில் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னால் தகரம் போட்டு ஒரு அறை சேர்த்திருக்கிறோம். அதனால் பிழைத்தோம்.

சண்டை வந்த நாள்

ஒரு நாள் ராத்திரி குழம்பு கொதிக்கும்போதே சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

“இருபது நாள்கூட ஆகலையே! யாரு இப்படி எரிக்கிறது?” என்றார் பெரிய அண்ணி.

சின்ன அண்ணிக்கு அப்போது ஐந்து மாதம். அவர் ஒன்றும் பேசவில்லை. சின்ன அண்ணன்தான் பேசினார்.

“நாங்க ரெண்டே பேர் அண்ணி. எங்களுக்கு ஒரு சிலிண்டர் ரெண்டு மாசம் வரும். தண்ணியும் ரெண்டு பேருக்குத் தூக்கினா போதும். இவ பதினோரு பேருக்குத் தூக்குறா. நாங்க தனி அடுப்பு வெச்சுக்கறோம்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயா சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: “அடுப்பு ரெண்டானா வீடு ரெண்டாயிடும்டா.”

யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன அண்ணன் சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் குழாய் லைனின் கோடியில் இருக்கிறது. தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் வந்தால் ஓடிப் பிடிக்க வேண்டும். பிடித்துத் தூக்கி வந்தது பெரும்பாலும் சின்ன அண்ணிதான்.

நான் ஒரு வேலை செய்தேன். புது சிலிண்டர் மாட்டியதும் அன்றைய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டேன். ‘சிலிண்டர்’ என்று பக்கத்தில் எழுதினேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாக்குக்கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். அடுப்பு பற்ற வைக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு கோடு போட வேண்டும். எழுதத் தெரிய வேண்டாம். கோடு போட்டால் போதும். ஆயாவும் கோடு போட்டார்.

மறுநாள் ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து எண்ணினோம். 17 கோடுகள்!

பிரித்துப் பார்த்தோம். சமைத்தது 3 முறை. டீ போட்டது 5 முறை. குளிக்க அவசரத்துக்குச் சுடுதண்ணீர் 3 முறை. மீதி 6 முறை, ஆறிப்போன சோற்றையும் குழம்பையும் மறுபடி சூடாக்கியது.

பெரிய அண்ணன் முதல் ரயிலுக்குப் போகிறவர். சின்ன அண்ணனுக்கு ஷிப்ட் வேலை. அப்பா ராத்திரிக் காவல் வேலைக்குப் போய் விடிந்த பிறகு வருவார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் சாப்பிட்டோம். ஒவ்வொரு நேரத்துக்கும் அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பெரிய குடும்பம் என்றால் செலவு அதிகம் என்று எல்லோரும் சொல்கிறோம். அது முழுவதும் சரி இல்லை. பதினோரு பேர் சோற்றை ஒரே பானையில் வடித்தால் ஆளுக்கு ஆகும் கேஸ் கொஞ்சம்தான். தனித்தனியே வடித்தால்தான் அதிகம். நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே ஏழெட்டு வீடுபோல வாழ்ந்தோம். பெரிய குடும்பத்தின் கஷ்டம் எல்லாம் எங்களிடம் இருந்தது. லாபம் மட்டும் இல்லை.

ஆயாவின் பெட்டி

நேரத்தை மாற்ற முடியாது. ரயில் நமக்காக நிற்காது. சோறு சூடாக இருக்க வேறு வழி என்ன?

வழி சொன்னது ஆயா. “அப்பல்லாம் உலைப்பானைய எறக்கி வைக்கோலுக்குள்ள வெச்சுக் கோணியைப் போட்டு மூடிடுவோம். சாயங்காலம் வரைக்கும் கொதகொதன்னு இருக்கும்” என்றார்.

இது வெறும் பழைய கதை இல்லை. இதில் அறிவியல் இருக்கிறது. சூடான பானையின் சூடு காற்றில் கரைந்து போகிறது. சுற்றிலும் வைக்கோல், பஞ்சு, கம்பளி இருந்தால் சூடு சீக்கிரம் வெளியே போக முடியாது. உள்ளேயே நின்று அரிசியை வேக வைக்கிறது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. பானை பெரிதாக இருந்தால் சூடு இன்னும் அதிக நேரம் நிற்கும். சின்னக் குடும்பத்தின் சின்னப் பானை சீக்கிரம் ஆறிவிடும். இந்த இடத்தில் ஜெயிப்பது பெரிய குடும்பம்தான்!

ஒரு பழைய மரப்பெட்டியில் அடியிலும் பக்கத்திலும் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோல் திணித்தோம். பானை உட்காரக் குழி விட்டோம். மேலே மூடப் பழைய கம்பளியை மடித்துத் தைத்தோம். செலவு ஒன்றும் இல்லை.

செய்முறை இதுதான். அரிசியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். வடிக்கிற சோறுபோலத் தண்ணீர் நிறைய வேண்டாம். வற்ற வைக்கும் அளவு போதும். மூடி போட்டுக் கொதிக்க விடுங்கள். நன்றாகக் கொதி வந்த பிறகு 5 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். கம்பளியால் அழுத்தி மூடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் சோறு தயார்.

முதல் நாள் எங்களுக்குச் சரியாக வரவில்லை. “வெந்துதா, வெந்துதா” என்று அம்மா மூன்று முறை திறந்து பார்த்தார். சோறு நடுவில் விதை விதையாக நின்றது. பெரிய அண்ணன் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் பெட்டி மேல் ஆயா உட்கார்ந்துகொண்டார். யாரும் திறக்கவில்லை. சோறு பூவாக வந்தது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டு விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் கிருமி வேகமாகப் பெருகும். கறி, மீன், பால் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பருப்பை ஊற வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, பிறகு வைக்கலாம்.

அடுப்பில் இன்னும் சில பழக்கங்களையும் மாற்றினோம். தண்ணீர் கொதி வந்த பிறகு தீயைக் குறைத்தோம். தீயைப் பெரிதாக வைத்தாலும் கொதிக்கிற தண்ணீர் அதைவிடச் சூடாகாது. வீணாக ஆவிதான் போகும். டீயை ஐந்து முறைக்குப் பதில் இரண்டு முறை போட்டுப் பிளாஸ்கில் ஊற்றினோம். அப்பாவுக்கு மட்டும் பிளாஸ்க் டீ பிடிக்கவில்லை. அவருக்குத் தனியாக ஒரு கோடு. போகட்டும், ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறவர்.

குளிக்கிற தண்ணீருக்கு வெயிலைப் பிடித்தோம். கறுத்துப்போன பழைய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மூடி, காலையிலேயே முற்றத்தில் வைத்தோம். மாலை நான்கு மணிக்குத் தொட்டால் இதமான சூடு. பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளித்துவிடுகிறார்கள். காலையில் கை கால் முகம் கழுவினால் போதும். மழை நாளில் இது நடக்காது.

குடமும் பெருக்கலும்

இப்போது பாடத்தின் கணக்குக்கு வருகிறோம். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுச் சொம்பு ஒரு லிட்டர் பிடிக்கும். எங்கள் குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஒருவர் ஒரு நாளைக்கு 5 சொம்புத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சொம்பு என்ன பெரிய தண்ணீர் என்று தோன்றும்.

5 லிட்டரைப் பதினோரு பேரால் பெருக்குங்கள்.

5 × 11 = 55 லிட்டர்.

கிட்டத்தட்ட 4 குடம்! ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 55 கிலோவை ஒரு கர்ப்பிணிப் பெண் லைன் கோடியிலிருந்து தூக்கி வர வேண்டாம். ஒரு மாதத்துக்கு எவ்வளவு? 55 × 30 = 1650 லிட்டர். 110 குடம்.

இந்தக் கணக்கைச் சுவரில் எழுதினேன். பெரிய அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நூத்திப்பத்துக் குடமா?” என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலை சின்ன அண்ணி குடத்தைத் தூக்கும் முன் அதைப் பெரிய அண்ணி வாங்கிக்கொண்டார். அப்பா பழைய சைக்கிளில் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டினார். இப்போது குடம் சைக்கிளில் வருகிறது. ஆண்கள் குடம் எடுத்தால் லைனில் கேலி செய்வார்கள் என்று அம்மா பயந்தார். இரண்டு நாள் கேலி செய்தார்கள். மூன்றாவது நாள் எதிர் வீட்டு மாமா கொக்கியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

தண்ணீரை எங்கே மிச்சம் பிடித்தோம்? முக்கியமாகத் துணி துவைப்பதில். பதினோரு பேர் துணி என்றால் மலை. முன்பு சோப்புத் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டோம். நுரை போக ஐந்து முறை அலசினோம். அழுக்கு போனது முதல் தண்ணீரிலேயே. மீதித் தண்ணீர் எல்லாம் சோப்பைப் போக்கத்தான் செலவானது. தூளைப் பாதியாகக் குறைத்தோம். இரண்டு அலசல் போதுமாக இருந்தது. கடைசி அலசல் தண்ணீரைக் கொட்டுவதில்லை. அதில்தான் அடுத்த நாள் அழுக்குத் துணி ஊறுகிறது. முதல் சோப்புத் தண்ணீர் கக்கூசுக்குப் போகிறது. அரிசி, காய் கழுவிய தண்ணீர் முற்றத்து வாழைக்குப் போகிறது.

இதற்கு ஆயா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “கழுவின தண்ணிய மறுபடி தொடறதா? தீட்டு மாதிரி” என்றார். நான் ஏரிக் கதையைச் சொன்னேன். பெங்களூர் நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி, 2018-ஆம் ஆண்டிலிருந்து குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்து ஏரிகளில் விடுகிறார்கள். அது குடிக்க அல்ல, ஏரி நிரம்பி நிலத்தடி நீர் ஊறுவதற்காக. இன்னும் நன்றாகச் சுத்தப்படுத்த வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். “ஆனா ஒரு ஊரு கழுவின தண்ணியே நம்ம ஊருக்கு வருது ஆயா. நம்ம வீட்டுத் தண்ணி நம்ம கக்கூசுக்குப் போகக் கூடாதா?” என்று கேட்டேன். ஆயா யோசித்தார். “பூஜைப் பாத்திரத்துக்கு மட்டும் புதுத் தண்ணி” என்றார். சரி என்றோம்.

பால் கவர் நெருப்பு

பின்கட்டில் ஒரு விறகடுப்பு உண்டு. களி கிண்டுவதற்கும் மழை நாளில் வெந்நீருக்கும் அதைப் பற்ற வைப்போம். விறகு சீக்கிரம் பிடிக்கட்டும் என்று பால் கவரைக் கொளுத்திப் போடுவது எங்கள் பழக்கம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

இதை உடனே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் எரியும் புகை விஷம். குனிந்து ஊதுகிறவரின் நெஞ்சுக்குள் அது நேரே போகிறது. நம் வீட்டில் ஊதுகிறவர் யார்? ஆயா. இருமுகிறவர் யார்? அதே ஆயா. காய்ந்த தென்னை மட்டை, காகிதம், சருகு எதில் வேண்டுமானாலும் நெருப்பு பிடிக்கும். பால் கவரை அலசிக் காய வைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காசு பிள்ளைகளுக்கு.

விறகுப் புகையும் நல்லது இல்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே 1974-இல் கிராம மக்களுக்காக அஸ்த்ரா என்ற பிரிவைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய அடுப்புக்கு ‘அஸ்த்ரா ஒலெ’ என்று பெயர். ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. அதில் ஒரே தீயில் மூன்று பாத்திரம் சூடாகும். புகை, புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். எங்கள் வீட்டில் அது இல்லை. ஆனால் ஒரு தீயில் மூன்று பாத்திரம் என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டோம். களி இறக்கியதும் அதே தணலில் குழம்பு, அது இறங்கியதும் வெந்நீர்.

பல்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்கட்டில் எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் ஆகும். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும். மாதம் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. துணிப்பை விஷயமும் அப்படித்தான். அப்பாவின் பழைய காக்கிப் பேன்ட்டில் மூன்று பை தைத்தோம். அண்ணன்மார் இருவருடைய சாப்பாட்டுப் பையிலும் ஆளுக்கொன்று மடித்து வைத்திருக்கிறோம். ரயிலிலிருந்து இறங்கிக் காய் வாங்கும்போது கவர் கேட்க வேண்டியதில்லை.

இருபத்து நான்கு நாள்

காலண்டரில் போட்ட முதல் வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே 24 நாள். முன்பு 19 நாள்தான் வந்தது. ஐந்து நாள் என்பது கொஞ்சம்தானே என்று பெரிய அண்ணன் சொன்னார். அம்மாதான் கணக்கைத் திருத்தினார். அம்மா எங்கள் வகுப்பில் படிக்கிறவர். “வருஷத்துக்கு முன்ன பத்தொம்பது சிலிண்டர். இப்ப பதினஞ்சு. நாலு சிலிண்டர் மிச்சம்டா” என்றார். 365-ஐ 19-ஆலும் 24-ஆலும் வகுத்துப் பாருங்கள். அம்மா சொன்னது சரிதான்.

சின்ன அண்ணன் தனி அடுப்புப் பேச்சை முழுவதும் விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். குழந்தை பிறந்தால் நாங்கள் பன்னிரண்டு பேர். சுவரில் இருக்கும் பெருக்கலில் 11-ஐ அழித்து 12 எழுத வேண்டியிருக்கும். அதைத் தானே எழுதப் போவதாக ஆயா சொல்லியிருக்கிறார். 1 எழுத வந்துவிட்டது. 2 இன்னும் திரும்பித் திரும்பி வருகிறது.

எழுதிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எண்ணால் எழுதுங்கள்.

2. உங்கள் வீட்டு அடுப்பை ஒரு நாளில் எத்தனை முறை பற்ற வைக்கிறீர்கள்? சுவரில் கோடு போட்டு எண்ணுங்கள். அதில் சமைப்பது எத்தனை, சூடாக்குவது எத்தனை?

3. ஒரு குடும்பத்தில் 8 பேர். ஒவ்வொருவரும் நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? 30 நாளைக்கு எத்தனை லிட்டர்? 15 லிட்டர்க் குடத்தில் அது எத்தனை குடம்?

4. உங்கள் வீட்டில் தண்ணீர் தூக்குகிறவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள். அவருக்கு உதவ யாரால் முடியும்? அவர் பெயரையும் எழுதுங்கள்.

மூன்றாவது கணக்கின் விடை: 32 லிட்டர், 960 லிட்டர், 64 குடம்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது வட்டம் போட்ட காலண்டர் தாளைக் கொண்டு வாருங்கள்.